ஓடுவது எந்த ரயில்?

எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி நிற்கிறது. திடீரென்று உங்கள் வண்டி நகர்கிறது. "அப்பாடா, கிளம்பிவிட்டது!" என்று பெருமூச்சு விடுகிறீர்கள். அடுத்த வண்டியின் கடைசிப் பெட்டி கடந்த பிறகுதான் அசடு வழிகிறது. போனது அது, நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள்!

உங்களை ஏமாற்றியது யார்? உங்கள் கண்தான்.

நாம் நகர்கிறோமா, நிற்கிறோமா என்று மூளைக்குச் சாட்சி சொல்பவர்கள் மூன்று பேர். கண் ஒருவர். பாதமும் தசைகளும் மூட்டுகளும் சேர்ந்து இன்னொருவர். மூன்றாமவர் காது! உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுள் திரவம். தலையைத் திருப்பினால் குழாய் உடனே திரும்பும். திரவமோ சற்றுப் பின்தங்கும். இதை நுண்ணிய மயிரிழைகள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. குழந்தைகள் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் வீடு சுற்றுவது ஏன்? உடம்பு நின்றுவிட்டது, திரவம் இன்னும் நிற்கவில்லை.

காதின் இந்த வேலையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் வியன்னா டாக்டர் ராபர்ட் பாரனி. நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. குளிர்ந்த நீரானால் கண்மணி ஒரு பக்கமும், வெந்நீரானால் மறுபக்கமும் துடிப்பதை அவர் கவனித்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, பாவம், ருஷ்யாவில் யுத்தக் கைதியாக இருந்தார்!

சாட்சிகள் முரண்பட்டால் வருவது வம்புதான். ஓடும் பஸ்ஸில் பத்திரிகை படிக்கிறீர்கள். "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்கிறது கண். "இல்லை, குலுங்குகிறோம்" என்கிறது காது. உடனே வயிற்றைப் புரட்டுகிறது. முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்தில் தெரிவதைப் பாருங்கள். இந்தப் பத்திரிகையாகவே இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள்!

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. வயதாக ஆகக் காதின் சாட்சியும் பாதத்தின் சாட்சியும் மங்குகின்றன. முதியவர்கள் பெரும்பாலும் கண்ணை நம்பியே நடக்கிறார்கள். நடு இரவில் எழுந்து குளியலறைக்குப் போகிறார் உங்கள் மாமியார். விளக்கில்லை. மிச்சமிருந்த ஒரே நல்ல சாட்சியும் போய்விட்டது! சுவரைத் தடவுவதற்குள் கால் தடுமாறுகிறது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி எழுந்து நடமாடுவது எளிதா?

ஆகவே, படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு சிறு விடிவிளக்கு எரியட்டும். வழியில் ஸ்டூலும் வாளியும் வேண்டாம். அடிக்கடி தலை சுற்றுகிறது என்றால், "பித்தம்தான்" என்று எலுமிச்சம்பழத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"கரண்ட் வீணாகிறதே!" என்று மாமியாரே ஆட்சேபிக்கலாம். எழும்பூர் ரயில் கதையை அவருக்குச் சொல்லிவிட்டு, விளக்கை எரிய விடுங்கள்.