பாட்டி சொன்ன மாதம்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் பல மொழிகள் ஒரே வேளையில் காதில் விழும். பேருந்து நடத்துநர் மலையாளத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவுவார். பத்மநாபசுவாமி கோயிலுக்கு வந்த வடநாட்டுப் பயணியர் இந்தியில் வழி கேட்பர். அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவிலோ தமிழில் பேரம் நடக்கும். திருவிதாங்கூர் திவான் இராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த சந்தை அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வருகின்றனர்.

அத்தெருவில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் பாட்டி ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பேரன் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிறான். ஒரு நாள் காலையில் பாட்டியின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுகிறது. வாய் ஒரு புறமாகக் கோணுகிறது. சொற்கள் குழறுகின்றன. வீட்டார் 108 என்னும் எண்ணை அழைக்க, ஆம்புலன்ஸ் வருகிறது.

இந்நோயைத் தமிழில் பக்கவாதம் என்பர். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இது உண்டாகிறது. அடைப்பினால் வரும் பக்கவாதமே மிகுதி. மூளையின் இடப்பாதி பழுதுற்றால் உடலின் வலப்பக்கம் தளரும். பெரும்பாலோர்க்குப் பேச்சை ஆளும் பகுதியும் இடப்பாதியிலேயே உள்ளது. ஆகவேதான் வலக்கையும் பேச்சும் பலருக்கு ஒன்றாகக் கெடுகின்றன.

திருவனந்தபுரத்தில் இந்நோய் எத்துணைப் பேரைத் தாக்குகிறது என்பதை ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 2005ஆம் ஆண்டில் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஆறு மாதம் கணக்கெடுத்தனர். அக்காலத்தில் 541 பேருக்குப் பக்கவாதம் வந்தமை பதிவாயிற்று.

“பாட்டிக்கு மிகவும் முடியவில்லை” என்று வீட்டார் கூறுவது இயல்பு. மருத்துவருக்கு அது போதாது. நோய் எவ்வளவு கடுமையானது, ஒரு மணி நேரத்தில் கூடியதா குறைந்ததா என்பவற்றை அவர் அறிய வேண்டும். ஒரு மருத்துவர் கண்டதை வேறொரு மருத்துவமனையில் உள்ளவரும் அதே பொருளில் புரிந்துகொள்ள வேண்டும். இதற்கெனவே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராட்டும் அவருடைய குழுவினரும் 1989இல் ஓர் அளவையை வெளியிட்டனர். அது என்.ஐ.எச். பக்கவாத அளவை எனப்படுகிறது. இன்று உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் இதனைக் கையாள்கின்றனர். பழகியவர் பத்து நிமிடத்திற்குள் இச்சோதனையை முடித்துவிடுவார். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

இதன் மதிப்பெண் பள்ளித் தேர்வுக்கு நேர்மாறானது. இங்குச் சுழி வாங்குபவரே நலமாக இருப்பவர். மிகக் கடுமையான நிலைக்குரிய மதிப்பெண் 42 ஆகும். நான்கு வரை இலேசான பக்கவாதம் என்றும், ஐந்து முதல் பதினைந்து வரை நடுத்தரம் என்றும், இருபதுக்கு மேல் கடுமை என்றும் பொதுவாகக் கொள்வர்.

மருத்துவர் முதலில் நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா என்று பார்க்கிறார். பின்னர் இரண்டு கேள்விகள் கேட்கிறார்: இது எந்த மாதம்? உங்கள் வயது என்ன? அடுத்துக் கண்ணைத் திறந்து மூடவும், கையை இறுக்கி விடவும் சொல்கிறார். கண்கள் இருபுறமும் அசைகின்றனவா, பார்வையின் ஒரு பகுதி மறைந்துள்ளதா, சிரிக்கும்போது முகம் கோணுகிறதா என்று நோக்குகிறார். பிறகு ஒவ்வொரு கையையும் நீட்டிப் பத்து நொடியும், ஒவ்வொரு காலையும் உயர்த்தி ஐந்து நொடியும் தாங்கிப் பிடிக்கச் சொல்கிறார். கை அப்படியே நின்றால் சுழி. சற்றே தாழ்ந்தால் ஒன்று. அசைவே இல்லையெனில் நான்கு. தொடு உணர்ச்சி, அசைவின் ஒழுங்கு, பேச்சு, உச்சரிப்பு ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன. உடலின் ஒரு பக்கத்தையே நோயாளி மறந்துவிட்டாரா என்பது இறுதியில் வருகிறது.

மாதம் கேட்கும் கேள்வி எளிதாகத் தோன்றும். மருத்துவர் மலையாளத்தில் “இது ஏது மாசமாணு?” என்று வினவுகிறார். பாட்டி விழிக்கிறார். மூளை பழுதுற்றதால் விடை தெரியவில்லையா, மொழி தெரியாததால் கேள்வியே விளங்கவில்லையா? இவ்விரண்டும் வெளியில் ஒன்றுபோலவே தோன்றும். பேரன் கேள்வியைத் தமிழில் கேட்கிறான். பாட்டி குழறிய குரலில் “ஆவணி” என்கிறார். தமிழரின் ஆவணியே மலையாளிகளின் சிங்ஙம். ஆங்கில மாதக் கணக்கில் அது ஆகஸ்டின் பிற்பகுதியில் தொடங்குவது. பேரன் அதை எடுத்துச் சொன்னால் மருத்துவர் விடையின் பொருளை அறிவார்.

ஆவணி நடக்கும்போது பாட்டி “ஆடி” என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது? பாட்டி மீது கொண்ட அன்பினால் பேரனுக்கு அதைத் திருத்தத் தோன்றும். “ஆடியா, ஆவணியா? நன்றாக நினைத்துப் பாருங்கள் பாட்டி” என்று துணை செய்யவும் தோன்றும். அவ்வாறு செய்தல் கூடாது. இந்த அளவையின் விதிப்படி முதலில் சொன்ன விடையே கணக்கில் சேரும். விடைக்கு அருகில் வந்ததற்குச் சலுகை கிடையாது. பேரன் திருத்திச் சொன்னால் நோய் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். சிகிச்சை முடிவும் அதனால் பிறழக்கூடும். பாட்டி சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்ப்பதுதான் இங்குப் பேரன் செய்யும் உதவி. வயதைப் பொறுத்தவரை ஒரு செய்தியை மட்டும் மருத்துவரிடம் தனியே கூறலாம். பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாத முதியோர் பலர் உண்டு. நோய் வருவதற்கு முன்பே பாட்டிக்குத் தம் வயது தெரியாதெனில் மருத்துவர் அதை அறிந்திருப்பது நல்லது.

பேச்சைச் சோதிக்க இந்த அளவையில் படங்கள் உள்ளன. கையுறை, சாவி, கள்ளிச்செடி, நாற்காலி, வலைத்தொட்டில், இறகு ஆகியவற்றை நோயாளி பெயர் சொல்ல வேண்டும். சாவியும் நாற்காலியும் எல்லா வீட்டிலும் உண்டு. கையுறையை நம் ஊர்ப் பாட்டிகள் எத்தனை பேர் அணிந்திருப்பர்? படிப்பதற்கான ஆங்கிலச் சொற்களுள் அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலும் உண்டு. ஆகவே அந்தந்த மொழிக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப இவற்றை மாற்ற வேண்டியுள்ளது. தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்து மருத்துவர்கள் இந்தி வடிவம் ஒன்றைச் சோதித்து 2012இல் அதன் முடிவை வெளியிட்டனர்.

இனிப் பாட்டியின் மதிப்பெண்ணைக் கூட்டலாம். மாதத்தைத் தவறாகக் கூறினார் என்று கொண்டால் ஒன்று, முகக்கோணலுக்கு இரண்டு, படுக்கையில் தாழ்ந்துவிட்ட வலக்கைக்கு இரண்டு, வலக்காலுக்கு ஒன்று, சொல் தடுமாற்றத்திற்கு ஒன்று, குழறலுக்கு ஒன்று. ஆக எட்டு. மறுநாள் இது நான்காகக் குறைந்தால் பாட்டி தேறிவருகிறார் என்று அடுத்த முறைப் பணிக்கு வரும் மருத்துவரும் உணர்வார்.

எனினும் இந்த அளவை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மொழியைச் சார்ந்த சோதனைகள் மிகுதி என்பதால், இடப்பாதி மூளையின் பழுது மதிப்பெண்ணில் கூடுதலாகத் தெரியும். வலப்பாதியின் பழுது அதே அளவு பெரிதாக இருந்தும் குறைவாகவே தெரியும். மூளையின் பின்பகுதியில் அடைப்பு வந்தவர் தலைசுற்றி நடக்க இயலாமல் இருந்தும் சுழி வாங்கக்கூடும். வந்தது அடைப்பா, இரத்தக்கசிவா என்பதையும் இது காட்டாது. அதற்கு சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்தை இரத்தக்கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் பெருங்கேடு விளையும்.

அம்மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். பெரிய அடைப்பு ஏற்பட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. எனவே மாதமும் வயதும் கேட்பதற்கு முன்பே மருத்துவர் வீட்டாரிடம் வேறொரு கேள்வி கேட்பார்: பாட்டி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? டம்ளர் விழுந்ததைக் கண்ட நேரம் இதற்கு விடையாகாது. எழுந்தபோதே பாட்டிக்குக் கை தளர்ந்திருக்கலாம். முந்தின இரவு ஒன்பது மணிக்குப் பேரனுக்குக் கதை சொல்லிவிட்டு அவர் படுத்திருந்தால், வேறு எவரும் அதன்பின் அவரைப் பார்த்திராவிட்டால், மருத்துவரின் தாளில் எழுத வேண்டிய நேரம் இரவு ஒன்பது மணி. அதைச் சொல்லக்கூடியவன் பேரன் ஒருவனே.