ஓ.பி. சீட்டுக்கு 'கியூ' இல்லை, ஓ.டி.பி.க்குத்தான் திண்டாட்டம்!

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்க கால்கடுக்க நிற்கவேண்டாம். வசதி உள்ள இடங்களில் கியூ.ஆர். அட்டையை செல்போனில் 'ஸ்கேன்' செய்தால் போதும். (ஸ்கேன் என்றதும் வயிற்றுக்கோ என்று பயப்படாதீர்கள்!) பெயர், வயது கவுண்டருக்குப் போய்விடும், டோக்கன் நம்பர் போனுக்கே வரும்.

இதற்குத் தேவை 'ஆபா' என்ற 14 இலக்க எண். 2020-ல் புதுச்சேரி உள்பட 6 யூனியன் பிரதேசங்களில் சோதித்து, 2021 செப்டம்பர் 27-ந்தேதி நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி என்ன செய்வார்? ஆதாரில் கொடுத்ததோ மகன் நம்பர். மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். ஓ.டி.பி. அங்கே போகும், பாட்டி இங்கே நிற்பார்!

'ஆபா' எண் கட்டாயம் அல்ல. இது பலருக்குத் தெரியவில்லை. எண் இல்லாதவர்கள் கவுண்டரில் பெயரைச் சொல்லியே சீட்டு வாங்கலாம்.