போட்டோ சைஸைக் குறைக்கணுமா? ‘அப்லோடு’ பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அடுத்த சீசனுக்கான சாம்பிளை மெர்ச்சன்டைசர் மொபைலில் படம் எடுத்து, பையருக்கு மெயில் அனுப்புகிறார். ‘ஃபைல் ரொம்பப் பெரிசு’ என்று திரும்பி வருகிறது. உடனே கூகுளில் தேடி, முதலில் வரும் இலவச தளத்தில் படத்தைப் போடுகிறார். சைஸ் குறைந்துவிட்டது. ஆனால், கடைக்கே வராத டிசைன் யாருடையதோ ஒரு சர்வருக்குப் போய்விட்டது! தொழிலாளர்களின் ஆதார் நகலுக்கும் இப்படி நடக்கலாம்.

இதில் என்ன ஆபத்து?

‘ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்’ என்று தளம் சொன்னால், நம்புவதைத் தவிர நமக்கு வழியில்லை. இலவசமாக ஃபைல் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில போலித் தளங்கள் மால்வேரை ஏற்றிவிடுவதாகவும், ஃபைலில் உள்ள தனிப்பட்ட தகவல்களைத் திருடுவதாகவும் 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகம் எச்சரித்தது.

அப்போ வேறு வழி?

பிரவுசருக்குள்ளேயே வேலையை முடிக்கலாம். கூகுள் குரோம் குழு 2018-ல் வெளியிட்ட ‘ஸ்கூஷ்’ அப்படிப்பட்ட ஓப்பன் சோர்ஸ் கருவி. ‘வெப்அசெம்ப்ளி’ தொழில்நுட்பம் மூலம் சுருக்கும் நிரல் உங்கள் பிரவுசருக்கு வந்து இயங்குகிறது. படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை.

ரீசைஸ், கம்ப்ரஸ் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ரீசைஸ் என்பது பிக்சல்களைக் குறைப்பது. 4000 x 3000 படத்தில் 1.2 கோடி பிக்சல்கள். அதையே 1600 x 1200 ஆக்கினால் 19.2 லட்சம்தான். கம்ப்ரஸ் என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுவது. ஜேபெக் முறை நிற விவரங்களில்தான் அதிகம் கை வைக்கும். அதனால் கறுப்புத் துணியில் சிவப்பு பிரின்ட் இருந்தால் ஓரம் கலங்கித் தெரியலாம். முதலில் ரீசைஸ் பண்ணுங்க. பிறகு குவாலிட்டியை 75 வாக்கில் வைத்துப் பாருங்க.

எப்படி செக் பண்றது?

தளத்தைத் திறந்ததும் நெட்டை ஆஃப் பண்ணுங்க. பிறகு படத்தைப் போடுங்க. அப்போதும் சைஸ் குறைந்தால் வேலை உங்கள் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ‘அப்லோடு தோல்வி’ என்று வந்தால், படம் சர்வருக்குப் போகும் தளம் அது. முதல் சோதனைக்கு முக்கியமில்லாத படத்தையே பயன்படுத்துங்க. நெட் திரும்ப வந்ததும் படத்தை அனுப்பாது என்பதற்கு இந்தச் சோதனை முழு உத்தரவாதம் அல்ல. அதனால் நம்பகமான கருவியாகவும் இருக்க வேண்டும்.

ஆதாருக்கு?

கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலேயே கிடைக்கிறது. அது போதும் என்கிற இடங்களில் முழு எண்ணைக் கொடுக்காதீங்க. டிசைன் போனால் ஒரு ஆர்டர் போகலாம். ஆதார் போனால், பாதிக்கப்படுவது அந்தத் தொழிலாளிதான்.