இருபது மார்க்குக்குள் அடைபட்ட கோப்பு

கேரளப் பள்ளிப் பாடநூல்கள், தமிழ்வழிப் பிள்ளைகளுக்கானவை உட்பட, உருவாகும் இடம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. அங்கே பாடத்திட்டம் வகுப்பவர்களும் பள்ளி ஆசிரியர்களும் 'போர்ட்ஃபோலியோ' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பிள்ளை ஆண்டு முழுக்க எழுதியது, வரைந்தது, கணக்குப் போட்டது எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் கோப்பு அது.

ஜூனில் ஒரு சிறுமி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓணப் பரீட்சை முடிந்தபின் அதே கணக்குக்குக் காகிதத்தை மடித்துப் பார்த்து, பாதியைவிடக் குறைவாக விடை வராதே என்று தடுமாறுகிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ஆறில் ஐந்து என்று சரியாக எழுதிவிடுகிறாள். பரீட்சைத்தாளில் தெரிவது கடைசி விடை மட்டும். நடுவில் வந்த அந்தத் தடுமாற்றத்தில்தான் அவள் கற்றாள். அதைப் பார்க்க அந்த மூன்று தாள்களும் ஒன்றாக இருக்கவேண்டும்.

2005-இல் பத்தாம் வகுப்பின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு கிரேடு முறை வந்தது. எழுத்துத் தேர்வுக்கு 80, சி.இ. எனப்படும் தொடர் மதிப்பீட்டுக்கு 20 என்பது இன்று பிள்ளைகளுக்கு மனப்பாடமான கணக்கு. கோப்பும் அந்த இருபதுக்குள் வந்துவிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த இருபதும் அநேகமாக எல்லோருக்கும் முழுதாகவே விழுகிறது என்பது கேரளம் முழுக்கப் பேசப்படும் குறை. நூற்றுக்கு 30 எடுத்தால் போதும் என்றிருந்தபோது, சி.இ.யில் 20 வாங்கிய பிள்ளை 80 மார்க் தாளில் 10 எடுத்தாலே தேறிவிட முடிந்தது. 2024-இல் மாநில அரசு, எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதம் வேண்டும் என்று முடிவெடுத்து, எட்டாம் வகுப்பில் தொடங்கியது. முடிவு சரி. ஆனால் அது தேர்வைத்தான் இறுக்கியது. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மார்க் போடுவதற்காகக் கோப்பு என்றானதும், பிள்ளைகள் பிழையில்லாத தாளை மட்டும் நகலெடுத்துச் சேர்க்கிறார்கள். அடித்து எழுதிய தாள் குப்பைக்குப் போகிறது. ஆசிரியருக்கு வேண்டியதோ அந்தத் தாள்தான். கோப்பிலிருந்து மார்க்கைப் பிரித்துவிடலாம் என்பதே என் கருத்து. மாதம் ஒருமுறை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு தாள்களைப் புரட்டிப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கினால் போதும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அது சுலபமில்லை. வேறு பதிவேட்டு வேலைகளைக் குறைத்தாவது அந்த நேரத்தைத் தரவேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. அடுத்த கிளாஸ் பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகும்போது, மார்க் பட்டியலோடு பிள்ளையின் கோப்பையும் கேட்டு வாங்கி, ஜூன் மாதத் தாளிலிருந்து பாருங்கள்.