வோல்டேஜ், கரண்ட், ஒரு இறால் குளம்

முதல் வருஷ பேசிக் எலக்ட்ரிக்கல் பேப்பரில் ரெண்டு மார்க் வாங்கிவிட்டு நாம மறந்துபோன ஒரு விதி உண்டு. ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் புத்தகமாக வெளியிட்ட விதி. அதை மீமிசல் பக்கம் ஒரு இறால் குளத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

குளத்தில் சுத்துற ஏரேட்டர், தண்ணீரை வாரியடித்து ஆக்ஸிஜனைக் கரைக்கிறது. பகலில் பாசியும் ஆக்ஸிஜன் தரும். ராத்திரியில் அந்தப் பாசியே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் அளவு ரொம்பக் குறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றால் மொத்த வளர்ப்பும் போச்சு.

முதல்ல ஃபார்முலா:

ரெசிஸ்டன்ஸ் = வோல்டேஜ் ÷ கரண்ட்
பவர் = வோல்டேஜ் × கரண்ட்

ரெண்டையும் சேர்த்தால், ஒயரில் வீணாகும் பவர் = கரண்ட் × கரண்ட் × ரெசிஸ்டன்ஸ்.

இப்போ கணக்கு. மீட்டர் பெட்டியில் 230 வோல்ட். குளம் 150 மீட்டர் தள்ளி. ஒரு ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 8 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் 8 ஆம்பியரைத் தாராளமா தாங்கும், சூடாகாது. அப்போ அதுவே போதுமா?

கரண்ட் போய்த் திரும்பி வரணும், அதனால் ஒயர் நீளம் 300 மீட்டர். ஒரு மீட்டர் நீளம், ஒரு ஸ்கொயர் எம்எம் காப்பருக்கு 0.0172 ஓம். 0.0172 × 300 ÷ 1.5 = 3.44 ஓம். 8 ஆம்பியர் ஓடினால் 27.5 வோல்ட் ஒயரிலேயே இறங்கிடும். குளத்தங்கரையில் கிடைப்பது சுமார் 202 வோல்ட். வீணாகும் பவர் 220 வாட். (பவர் ஃபேக்டரால் வோல்டேஜ் இறக்கம் கொஞ்சம் குறையும். தோராயக் கணக்குக்கு இது போதும்.)

மோட்டாரின் டார்க், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 202 வோல்ட்டில் 77 சதவீதம்தான் கிடைக்கும். ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் பல மடங்கு ஏறும், இறக்கமும் கூடவே ஏறும். மோட்டார் உறுமிட்டு அப்படியே நிக்கும். 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் 1.29 ஓம்தான். இறக்கம் 10 வோல்ட், வீணாவது 83 வாட்.

ஒரு எச்சரிக்கை. 230-ஐ 8-ஆல் வகுத்து "மோட்டார் ரெசிஸ்டன்ஸ் 28.75 ஓம்"னு எழுதிடாதீங்க. ஹீட்டருக்கு அது சரி. மோட்டாரில் சுருளின் இண்டக்டன்ஸும், சுத்தும்போது உண்டாகும் எதிர் வோல்டேஜும் சேர்ந்து கரண்ட்டைக் கட்டுப்படுத்துது. பவருக்கும் அப்படித்தான்: 230 × 8 = 1840 வாட் இல்லை. பவர் ஃபேக்டர் 0.7 என்றால் 1288 வாட்.

கடைசியா, இதே வகுத்தல் இன்னொரு இடத்திலும் வரும். ஈரக் கையும் உப்புத் தண்ணீருமா நிக்கிற ஒருத்தரின் உடம்பை 1000 ஓம்னு வைங்க. 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். உயிரை எடுக்க இது போதும். ஆனா 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு லோடாகவே தெரியாது, டிரிப் ஆகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிப்பது ஆர்சிசிபி. உங்க ஊர்ல குளமோ, தோட்டத்து பம்ப்செட்டோ இருந்தா, பெட்டியைத் திறந்து அது இருக்கான்னு முதல்ல பாருங்க. ஒயர் கணக்கை அப்புறம் போடலாம்.