நாரை இரை தேடும் வேளை

திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில், 1994-ஆம் ஆண்டு அரசாங்கம் அதைச் சரணாலயமென்று பிரகடனம் செய்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஊரார் தங்கள் தெருவோரத்து மரங்களையும் கொல்லைப்புறத்து மரங்களையும் நாரைகளுக்கு விட்டுக்கொடுத்து, பட்சிகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி கொளுத்தாமல் இருந்து வருகிறார்கள். எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு நல்ல எருவாவதால், இந்தத் தயாளத்தில் கொஞ்சம் சுயநலமும் உண்டு; இருந்தால்தான் என்ன? ஆளைக் கண்டு பறந்தோடாத நாரையை இங்கே காண முடிகிறது. காமிராவும் கையுமாக வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

தை, மாசி மாதங்களில் இங்கே கூடு கட்டும் சங்குவளை நாரை ஏறக்குறைய மூன்றடி உயரம் நிற்கும். நுனியில் சற்றே வளைந்த நீண்ட மஞ்சள் அலகும், இறகில்லாத செம்மஞ்சள் முகமும், மார்பின் குறுக்கே வெள்ளை வரியோடிய கறுப்புப் பட்டையும், வாலை ஒட்டி ரோஜா நிறத்தில் சில இறகுகளும் கொண்ட இந்த அலங்காரத்தில் மயங்கி, பெரும்பாலோர் அது சும்மா நிற்கும் கோலத்தையே படமெடுத்துக்கொண்டு திருப்தியடைகிறார்கள். இரை தேடும் நாரையே பார்க்கத் தக்கது என்பது என் அபிப்பிராயம்.

கலங்கிய நீரில் அதற்குக் கண்ணால் ஆகும் காரியம் அதிகமில்லை. அலகைப் பாதி திறந்து நீரில் அமிழ்த்தி, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே மெல்ல நடந்து, ஒரு காலால் சேற்றைத் துழாவி, சில சமயம் ஒரு சிறகைப் படீரென்று விரித்து, பதுங்கிய மீனைக் கிளப்புகிறது. மீன் அலகில் பட்டதுதான் தாமதம், அலகு மூடிக்கொள்கிறது. இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையைச் சோதித்தவர்கள், அலகு மூட விநாடியில் 40-ல் ஒரு பங்கு போதும் என்று கண்டிருக்கிறார்கள். மீனைக் கண்டபின் பொத்தானை அழுத்த நினைக்கும் விரல் எந்தக் காலத்திலும் பிந்தித்தான் போகும். ஆகவே கால் சேற்றைத் துழாவத் தொடங்கியதுமே, ஷட்டரை விநாடியில் 1,000-ல் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் படமெடுத்தபடி இருக்க வேண்டும். கரையில் குந்தி, லென்ஸை நீர்மட்டத்துக்கு இறக்கினால், பட்சியின் உயரமும் அலகின் நீளமும் உள்ளபடி விளங்கும்.

கூட்டை நெருங்கி எடுத்த படங்களை நான் மெச்சுவதில்லை. உச்சி வெயிலில் தாய் தந்தையரில் ஒன்று சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்து நிற்கும்; நாம் போய் அதை எழுப்பிவிட்டால் குஞ்சு வெயிலில் வதங்கும், முட்டையானால் காக்கை கொண்டுபோகும். தூரத்துப் பொருளை அருகே இழுக்கும் லென்ஸ் இருக்கையில் இந்த அவசரம் எதற்கு?

வெளிச்சத்தில் ஒரு சங்கடம் உண்டு. இருண்ட நீரை அளந்து காமிரா தானாக ஒளியை மிகுத்துவிட, வெள்ளை இறகுகள் வரியின்றி வெளிறிப்போகும். அளவைச் சற்றுக் குறைத்து, காலை வெயில் ஏறுமுன் எடுப்பதே உத்தமம். நிறம் பிரதானமல்ல என்பவர்களுக்கு மா. கிருஷ்ணன் துணையிருக்கிறார்: பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த காமிராவை வைத்துக்கொண்டு, 1996-இல் மறையும்வரை காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தவர் அவர்.