விளம்பரம் மட்டும் ஏன் அலறுகிறது?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பகலில் அவர் தூங்கும்போது வீட்டார் டிவி சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்கிறார்களாம். சீரியல் ஓடும்வரை தொந்தரவில்லை. விளம்பரம் வந்ததும் தூக்கிவாரிப் போடுகிறது. தமிழ்ச் சேனலிலிருந்து கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ மாற்றினாலும் சத்தம் எகிறுகிறது. "யார் சார் சவுண்டை ஏத்தறது?" என்று கேட்கிறார். மூன்று மொழியும் புழங்கும் ஊர் ஓசூர். ரிமோட்டும் மூன்று மொழிக்கும் தாவுகிற ஊர். கேள்வி அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை.

டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஒலி சிதைந்துவிடும். சீரியலும் விளம்பரமும் அந்த வரம்புக்குள்தான் நிற்கின்றன. வித்தியாசம், வரம்புக்குக் கீழே எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதில்தான். கிருஷ்ணகிரி மண்டியில் ஒரே உயரமுள்ள இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் வைக்கோலுக்கு நடுவே மாம்பழம். மற்றதில் இடுக்கு இல்லாமல் மாம்பழம் மட்டும். உயரம் ஒன்று, எடை வேறு. சீரியலில் அடிதடிக் காட்சி மட்டும் உச்சத்தைத் தொடும். பேச்சும் பெருமூச்சும் கீழேயே இருக்கும். விளம்பரத்திலோ கம்ப்ரஸர் என்னும் கருவி மெல்லொலிகளையும் தூக்கி நிறுத்தி, முப்பது விநாடியையும் உச்சத்தை ஒட்டியே ஓடவிடுகிறது. உச்சத்தை மட்டும் பார்க்கும் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். காதுக்கு அப்படியில்லை.

காது உணரும் இந்த உரப்பை அளக்க, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பி.எஸ். 1770 என்ற முறையை வெளியிட்டது. அதற்கு அடித்தளமிட்டவை கனடாவின் தகவல்தொடர்பு ஆய்வு மையம் உள்ளிட்ட இடங்களில் நடந்த கேட்புச் சோதனைகள். ஒரு மாதிரி ஒலிக்கு இணையாகத் தோன்றும்வரை மற்ற ஒலிகளைக் கூட்டிக் குறைக்கச் சொல்லி, ஆட்களின் காதையே அளவுகோலாக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த சூத்திரம் எளிமையானது. அடித்தொண்டை உறுமலுக்கு மதிப்பைக் குறைக்கிறது. மனிதத் தலையின் வடிவம் கூர்மையான ஒலிகளைத் தூக்கிக் காட்டுவதால் அவற்றுக்குச் சுமார் 4 டெசிபல் கூட்டுகிறது. பிறகு சராசரி எடுக்கிறது. வரும் எண்ணின் அலகு எல்கேஎஃப்எஸ். ஐரோப்பாவில் இதையே எல்யூஎஃப்எஸ் என்கிறார்கள்.

சராசரி என்றதும் ஒரு குறுக்குவழி திறந்தது. முப்பது விநாடி விளம்பரத்தில் முதல் இருபது விநாடி ஏறக்குறைய மௌனம், கடைசிப் பத்து விநாடி கூச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில்தான் இருக்கிறது என்பதால், மீட்டர் ஏறத்தாழ 5 டெசிபல் குறைத்துக் காட்டும். அந்த 5 டெசிபலையும் கூச்சலில் ஏற்றிக்கொள்ளலாம். கணக்கு நேராகவே இருக்கும்.

இதை அடைக்க வந்ததுதான் 'கேட்'. 2011இல் திருத்திய பதிப்பில் அது சேர்ந்தது. ஒலியை 0.4 விநாடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படியும்படி வெட்டுகிறார்கள். மைனஸ் 70க்குக் கீழுள்ள துண்டுகள் மௌனம் என்று முதலில் கழிகின்றன. மிச்சத்துக்குச் சராசரி கண்டு, அதைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த துண்டுகளையும் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சியவற்றின் சராசரிதான் இறுதி எண். இருபது விநாடி மௌனம் இப்போது கணக்கிலேயே வராது. கூச்சல் கூச்சலாகவே பதிவாகும். காது எப்படித் தீர்ப்புச் சொல்லுமோ அப்படியே கருவியும் சொல்கிறது. ஒலிப்பொறியியலில் இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு நியாயத்தைக் கொண்டுவந்தது அபூர்வம்.

எண் கிடைத்ததும் சட்டமும் சுலபமாயிற்று. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் மைனஸ் 23 என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் விளம்பர ஒலியைக் கட்டுப்படுத்த 2010இல் கையெழுத்தான சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே மைனஸ் 24. சேனல் மாற்றினாலும் விளம்பரம் வந்தாலும் சராசரி அங்கேயே நிற்க வேண்டும்.

இந்தியாவிலும் விளம்பர ஒலிக்கு விதி உண்டு. 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் 7ஆவது விதி, விளம்பரத்தின் படமும் ஒலியும் மிகையாக இரையக் கூடாது என்கிறது. ஆனால் எது மிகை என்பதற்கு அதில் எண் இல்லை. தொழிற்சாலைக்குள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன. வீட்டுக்குள் வந்து அலறும் விளம்பரத்துக்கு மட்டும் கேபிள் டிவி விதியில் எண் எழுதாமல் விட்டது, நோயாளியும் கைக்குழந்தையும் இரவுத் தொழிலாளியும் இருக்கும் வீடுகளை மறந்த அலட்சியம்.

விதி திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உள்ளூர் கேபிள் சேனலுக்காக ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் இந்த அளவீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளே கேட் உட்பட இதைக் கணக்கிட்டுச் சொல்லும். விளம்பரத்தையும் அதற்கு முன்னால் ஓடும் நிகழ்ச்சியையும் அளந்து, இரண்டையும் ஒரே எண்ணில் நிறுத்திவிட்டுக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பினால் போதும்.